எந்தச் சர்ச்சிலைத் திரையிடுவது?

கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் நண்பர் ஒருவர், இரண்டாம் உலகப் போரைப் பாடமாக முடித்துவிட்ட தம் மாணவர்களுக்கு, அந்தப் போர்க்காலத்தின் தலைவர் ஒருவரைப் பற்றிய வரலாற்றுப் படம் ஒன்றைத் திரையிட விரும்புகிறார். அவருக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு பிற்பகல்: மதிய உணவுக்குப் பின் தொடங்கினால், வெளியூர் மாணவர்கள் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பும் வரை இரண்டரை மணி நேரம். அதற்குள் படமும் முடிய வேண்டும், படத்தைப் பற்றிய பேச்சும் நடந்தாக வேண்டும். தலைவர் வின்ஸ்டன் சர்ச்சில்தான் என்பதை அவர் முன்பே முடிவு செய்துவிட்டார். எந்தப் படம் என்பதை மட்டும் என்னிடம் கேட்டார்.

சர்ச்சிலாக நடித்தவர்களின் பட்டியல் நீளமானது. அவற்றுள் இந்த நூற்றாண்டில் வந்தவையும், அவரையே மையமாகக் கொண்டவையுமான நான்கை எடுத்துக்கொண்டேன். 2002-இல் வந்த ‘த கேதரிங் ஸ்டார்ம்’, 2009-இல் வந்த ‘இன்டு த ஸ்டார்ம்’, 2017-இல் சில மாத இடைவெளியில் வெளியான ‘சர்ச்சில்’, ‘டார்க்கஸ்ட் அவர்’ ஆகியவை அவை. முதல் இரண்டும் பிபிசியும் எச்பிஓவும் சேர்ந்து எடுத்த தொலைக்காட்சிப் படங்கள். இரண்டுக்கும் திரைக்கதை எழுதியவர் ஹியூ வைட்மோர். மற்ற இரண்டும் திரையரங்குக்காக எடுக்கப்பட்டவை.

நான்கும் ஒரே மனிதரைப் பற்றியவை என்றாலும், அவருடைய வாழ்வில் ஒவ்வொன்றும் வெட்டி எடுத்துக்கொண்ட துண்டு வேறு. ஒரு படம் அவர் பதவியின்றி ஒதுக்கப்பட்டுக் கிடந்த 1930-களின் நடுப்பகுதியைச் சொல்கிறது. இன்னொன்று 1940 மே மாதத்தின் நான்கு வாரங்களைச் சொல்கிறது. மூன்றாவது, 1944 ஜூனில் நார்மண்டி படையிறக்கத்துக்கு முந்தைய நான்கு நாட்களில் அடங்கிவிடுகிறது. எஞ்சிய ஒன்று 1945 ஜூலையில் நின்றுகொண்டு போர் முழுவதையும் திரும்பிப் பார்க்கிறது. ஆகவே இவற்றில் ஒன்றைத் தேர்வது, எந்தச் சர்ச்சிலை மாணவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தேர்வதாகவும் ஆகிவிடுகிறது. நடிப்பையும் ஒளிப்பதிவையும் மட்டும் தராசில் வைத்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது.

முதலில் எல்லோருக்கும் நினைவுக்கு வரக்கூடிய ‘டார்க்கஸ்ட் அவர்’ படத்தைப் பார்க்கலாம். ஜோ ரைட் இயக்கியது. திரைக்கதை அந்தோனி மெக்கார்ட்டன். கேரி ஓல்ட்மனுக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரும், அவரைச் சர்ச்சிலாக மாற்றிய ஒப்பனைக்கு இன்னோர் ஆஸ்கரும் கிடைத்தன. ஓல்ட்மன் ஒல்லியான மனிதர். கசுஹிரோ சுஜியின் குழு அவர் முகத்தில் கட்டி எழுப்பிய கன்னங்களும் கழுத்துச் சதையும் அருகிலிருந்து பார்க்கும்போதுகூட ஒட்டவைத்ததாகத் தெரியவில்லை. படப்பிடிப்பில் பிடித்துத் தள்ளிய சுருட்டுகளால் தமக்கு நிகோட்டின் நச்சே ஏறிவிட்டதாக ஓல்ட்மன் பிறகு சொன்னார். (நம் திரையரங்குகளில் புகைக்கும் காட்சிதோறும் எச்சரிக்கை வரி போடுவார்கள், இந்தப் படத்தில் அந்த வரி திரையின் அடியில் நிரந்தரமாகவே குடியிருக்க வேண்டியிருக்கும்.)

படம் எடுத்துக்கொண்ட கதை உண்மையிலேயே நாடகத்தன்மை மிக்கது. நார்வேயில் நேர்ந்த தோல்வியைப் பற்றி 1940 மே 7, 8 நாட்களில் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் நடந்த விவாதத்தின் முடிவில், வழக்கமாக இருநூறுக்கு மேல் பெரும்பான்மை காட்டும் பிரதமர் சேம்பர்லினின் அரசு 281-க்கு 200 என்ற வாக்குகளில்தான் தப்பியது. மே 9 பிற்பகலில் பிரபுக்கள் சபை உறுப்பினரும் வெளியுறவு அமைச்சருமான ஹாலிஃபாக்ஸ் தமக்குப் பிரதமர் பதவி வேண்டாமென்று ஒதுங்கிக்கொள்ள, மே 10 அன்று, ஜெர்மானியப் படைகள் ஹாலந்துக்குள்ளும் பெல்ஜியத்துக்குள்ளும் நுழைந்த அதே நாளில், 65 வயதுச் சர்ச்சில் பிரதமரானார். அடுத்த இரண்டு வாரங்களுக்குள் பிரிட்டிஷ் படை வட பிரான்ஸின் டன்கர்க் கடற்கரையில் முற்றுகைக்குள்ளாகி நின்றது. இத்தாலியின் வழியாக ஹிட்லரிடம் சமரச நிபந்தனைகளைக் கேட்டுப் பார்க்கலாமா என்ற கேள்வி மே 26 முதல் 28 வரை போர் அமைச்சரவையின் முன் இருந்தது. ஹாலிஃபாக்ஸ் கேட்கலாம் என்றார். சர்ச்சில் கூடாது என்றார். மூன்று நாட்களில் ஒன்பது முறை அமைச்சரவை கூடியது. ஓர் அறையில் ஐந்து பேர் உட்கார்ந்து பேசியதுதான் அந்தப் போரின் போக்கைத் தீர்மானித்தது என்பதை, குண்டு வெடிப்புகளை நம்பாமல், வசனத்தை நம்பி எடுத்துக்காட்டிய துணிவுக்காகவே இந்தப் படத்தை மதிக்கலாம். புருனோ டெல்பொனெல்லின் ஒளிப்பதிவில் அந்த நிலவறை அறைகளுக்குள் வெளிச்சம் கத்திபோல் இறங்கி ஒரு முகத்தை மட்டும் தொட்டுவிட்டு நிற்கிறது.

இனி வரலாற்றுக்கு வரலாம். சர்ச்சில் தடுமாறுவதாகப் படம் காட்டுவதை முழுக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. மால்டா, ஜிப்ரால்டர், சில ஆப்பிரிக்கக் காலனிகள் ஆகியவற்றைக் கொடுத்து இந்த இக்கட்டிலிருந்து வெளியேற முடியுமானால் தாம் அதை உடனே ஏற்றுக்கொள்ளத் தயார் என்று அவர் அந்நாட்களில் கூறியதாகச் சேம்பர்லினின் நாட்குறிப்பு சொல்கிறது. அப்படி முடியும் என்று சர்ச்சில் நம்பவில்லை என்பதுதான் வேறுபாடு. படத்தில் வரும் தட்டச்சுச் செயலாளர் எலிசபெத் லேட்டன் உண்மையான பெண்மணி. ஆனால் அவர் சர்ச்சிலிடம் வேலைக்குச் சேர்ந்தது 1941-இல். இத்தகைய ஓராண்டு நகர்த்தல்களை வரலாற்றுப் படத்தில் நான் பொறுத்துக்கொள்வேன். அமைச்சரவையில் இருந்த தொழிற்கட்சியினர் இருவரையும், அதாவது அட்லியையும் கிரீன்வுட்டையும், கிட்டத்தட்ட ஊமைகளாக உட்கார வைத்திருப்பதை அவ்வளவு எளிதில் பொறுக்க முடியவில்லை. ஹாலிஃபாக்ஸுக்கு எதிராகச் சர்ச்சில் தனித்து நிற்காமல் இருந்ததற்குக் காரணமே அவர்கள் இருவரும்தான். இறுதியில், அமைச்சரவையில் தொடர்ந்த சேம்பர்லினும் அந்தப் பக்கம் சாய்ந்தபோது விவாதம் முடிந்தது. தனி வீரனின் கதையாக்க வேண்டுமானால் கூட்டாளிகளின் வாயை அடைத்தாக வேண்டும் என்பது திரைக்கதையின் பழைய நோய்.

பெரிய சிக்கல் சுரங்க ரயில் காட்சி. முடிவெடுக்க முடியாமல் தவிக்கும் சர்ச்சில், காரிலிருந்து இறங்கி ஓடி, செயின்ட் ஜேம்ஸ் பார்க் நிலையத்தில் லண்டன் சுரங்க ரயில் ஏறி, பெட்டியில் இருக்கும் சாதாரண மக்களிடம் சரணடையலாமா என்று கேட்கிறார். குழந்தை உட்பட எல்லோரும் ஒரே குரலில் மறுக்கிறார்கள். அவர் மெக்காலேயின் கவிதை வரிகளைச் சொல்லத் தொடங்க, கரீபிய வம்சாவளிக் கறுப்பினப் பயணி ஒருவர் அதை முடித்து வைக்கிறார். சர்ச்சிலின் கண் கலங்குகிறது. அப்படி ஒரு பயணம் நடக்கவேயில்லை. அடுத்த நிலையமான வெஸ்ட்மின்ஸ்டருக்கு ஓரிரு நிமிடத்தில் போய்விடலாம் என்பதையும் படம் வசதியாக மறந்துவிடுகிறது. உண்மையில் மே 28 மாலை நடந்தது இதைவிட அழுத்தமானது. போர் அமைச்சரவைக்கு வெளியே இருந்த சுமார் இருபத்தைந்து அமைச்சர்களைச் சர்ச்சில் தம் அறைக்கு அழைத்து, நமது இந்த நீண்ட தீவுக் கதை முடிந்துதான் ஆக வேண்டுமென்றால், நாம் ஒவ்வொருவரும் தரையில் விழுந்து நம் இரத்தமே தொண்டையை அடைக்கக் கிடக்கும்போது முடியட்டும் என்ற பொருளில் பேசினார். அந்தப் பேச்சைக் குறித்து வைத்தவர் அங்கிருந்த தொழிற்கட்சி அமைச்சர் ஹியூ டால்டன். கேட்டவர்கள் எழுந்து வந்து அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். இந்தக் காட்சியும் படத்தில் இருக்கிறது. ஆனால் சுரங்க ரயிலில் கேட்டதை அமைச்சர்களிடம் ஒப்பிக்கும் காட்சியாக அது சுருங்கிப்போகிறது.

இந்தக் காட்சியை நான் இவ்வளவு நீட்டிப் பேசுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பேரரசின் குடிமகன் ஒருவரைக் கொண்டு கவிதையை முடித்துவைப்பதன் மூலம், பேரரசு முழுவதும் சர்ச்சிலின் பின்னால் மனமுவந்து நின்றதாகப் படம் ஒரு சித்திரத்தை வரைகிறது. அதே படத்தில் சர்ச்சிலும் ஹாலிஃபாக்ஸும் எதிரெதிரே உட்கார்ந்து மோதுகிறார்கள். இந்த இருவரும் முதன்முதலில் மோதிக்கொண்டது ஹிட்லரைப் பற்றி அல்ல, நம்மைப் பற்றி. ஹாலிஃபாக்ஸ்தான் 1926 முதல் 1931 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த இர்வின் பிரபு. 1931 மார்ச்சில் காந்தியுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட அதே இர்வின். அந்த ஒப்பந்தத்துக்கு முந்தைய மாதம்தான், அரை நிர்வாணமாக வைஸ்ராய் மாளிகையின் படிகளில் ஏறிப் போகும் பக்கிரி என்று காந்தியைச் சர்ச்சில் இகழ்ந்தார். அதற்கும் ஒரு மாதம் முன்பு, இந்தியா குறித்த கருத்து வேறுபாட்டால் தம் கட்சியின் முன்வரிசைக் குழுவிலிருந்தே விலகியிருந்தார். பேசித் தீர்க்கலாம் என்பவர் இர்வின். பேசவே கூடாது என்பவர் சர்ச்சில். 1931-இல் முன்னவர் சரி, 1940-இல் பின்னவர் சரி. மாணவர்களுக்கு இதைவிடச் சுவையான வகுப்புப் பொருள் ஏது? ‘டார்க்கஸ்ட் அவர்’ இதைத் தொடவேயில்லை. மன்னர் அடுக்கும் சர்ச்சிலின் பழைய தவறுகளின் பட்டியலில் முதல் உலகப் போரின் கலிப்போலிப் படையெடுப்புத் தோல்விக்கும் பவுண்டின் மதிப்பைத் தங்கத்தோடு பிணைத்ததற்கும் இடையே ஒரு சொல்லாக இந்தியா வந்து போகிறது.

‘சர்ச்சில்’ படத்தை விரைவாகக் கடந்துவிடலாம். ஜோனதன் டெப்லிட்ஸ்கி இயக்கியது. எழுதியவர் வரலாற்றாசிரியரான அலெக்ஸ் வான் டுன்ஸெல்மன். பிரையன் காக்ஸ் நடித்த இந்தச் சர்ச்சில், 1944 ஜூன் தொடக்கத்தில், நார்மண்டிப் படையிறக்கத்தைக் கடைசி நிமிடம் வரை எதிர்க்கிறார். 1915-இல் கலிப்போலியில் தம்மால் மாண்டவர்களின் நினைவு அவரைத் துரத்துகிறது. படையெடுப்பு நின்றுபோகும்படி புயல் அடிக்க வேண்டுமென்று மண்டியிட்டு வேண்டிக்கொள்கிறார். அவருக்கு அந்தத் திட்டத்தில் நீண்ட காலம் ஐயம் இருந்தது உண்மை. ஆனால் மே 15-ஆம் தேதி லண்டன் செயின்ட் பால் பள்ளியில் நடந்த இறுதித் திட்டக் கூட்டத்திலேயே, தம் மனம் இந்த முயற்சியின் பக்கம் உறுதிப்பட்டு வருவதாக அவர் கூறிவிட்டார். அதற்கும் மூன்று வாரம் கழித்து அவரை எதிர்ப்பாளராக நிறுத்துவது, கதைக்கு ஒரு முரண் தேவைப்பட்டதால் செய்யப்பட்ட வேலை. படையிறக்க நாளில் தாமும் போர்க்கப்பலில் போவேன் என்று அவர் அடம்பிடித்ததும், ஆறாம் ஜார்ஜ் மன்னர் கடிதம் எழுதி அவரைத் தடுத்ததும் மட்டும் அப்படியே நடந்தவை. மூப்பையும் மனச்சோர்வையும் காக்ஸ் நன்றாகவே நடித்திருக்கிறார். இருந்தும், மையக் கருத்தே தவறாக உள்ள ஒரு படத்தை வரலாற்று வகுப்பில் போட்டுவிட்டு, பிறகு அரை மணி நேரம் அதைத் திருத்திக்கொண்டிருப்பதில் பொருளில்லை. நண்பரின் பட்டியலிலிருந்து இதை முதலிலேயே அடித்துவிட்டேன்.

‘இன்டு த ஸ்டார்ம்’ அப்படி அடிக்கத்தக்கதன்று. தாடியஸ் ஓ’சல்லிவன் இயக்கிய இந்தப் படத்தில் சர்ச்சிலாக வரும் பிரெண்டன் கிளீசன் அயர்லாந்துக்காரர். இந்த நடிப்புக்கு அவர் அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருது பெற்றார். படத்தின் கட்டமைப்பு புத்திசாலித்தனமானது. 1945 ஜூலை 5 அன்று பிரிட்டனில் பொதுத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது. ஆனால் உலகெங்கும் சிதறிக் கிடந்த படைவீரர்களின் வாக்குகள் வந்து சேர வேண்டியிருந்ததால், எண்ணிக்கை மூன்று வாரம் கழித்து, ஜூலை 26 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட நாட்களில் ஒரு பகுதியைச் சர்ச்சில் தென்மேற்குப் பிரான்ஸின் ஆந்தாய் கடற்கரையில் ஓய்வாகக் கழித்தார். முடிவுக்காகக் காத்திருக்கும் அந்த ஓய்வில் அவர் மனம் போருக்குத் திரும்பித் திரும்பிப் போவதாகப் படம் நகர்கிறது. முடிவு என்ன என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும்: தொழிற்கட்சிக்கு 393 இடங்கள். போரை வென்றவரை, ஜப்பானுடனான போர் முடியும் முன்பே, அவருடைய மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒரு ஜனநாயகம் தன் போர்க்காலத் தலைவரை எப்படி நடத்தியது என்ற கேள்வியை நான்கு படங்களில் இது ஒன்றுதான் நேராக எடுத்துக்கொள்கிறது. அதனாலேயே முதலில் என் கை இதன் பக்கம் நீண்டது. மறுபடி பார்த்தபோது அந்த ஆர்வம் குறைந்தது. ஐந்து ஆண்டுப் போரை நூறு நிமிடத்துக்கு அருகில் அடைக்கப் பார்த்ததால், ஒரு மாநாட்டிலிருந்து இன்னொன்றுக்கும் ஓர் உரையிலிருந்து மற்றொன்றுக்கும் தாவிக்கொண்டே இருக்கிறது. பாடத்தை முன்பே படித்தவர்களுக்கு இது நினைவூட்டல் போலவும், படிக்காதவர்களுக்குப் புதிர் போலவும் தோன்றும். அட்லியின் கட்சி மக்களுக்கு எதை வாக்களித்தது, வேலையின்மையையும் மருத்துவச் செலவையும் கண்டு சலித்துப்போன வாக்காளர்கள் ஏன் அந்தப் பக்கம் போனார்கள் என்பதற்குப் படத்தில் போதிய இடமில்லை. தேர்தல் தோல்வி ஒரு முதியவரின் மனக்காயமாக மட்டும் சுருங்கிவிடுகிறது. கிளீசனின் சர்ச்சில் சிடுசிடுப்பானவர், மனைவியைக்கூடச் சொல்லால் குத்துகிறவர். அந்த நேர்மைக்காகத் தனியாகப் பார்க்கலாம்.

எஞ்சியிருப்பது ‘த கேதரிங் ஸ்டார்ம்’. போர்க்காலத் தலைவரைப் பற்றிய படம் என்ற கேள்விக்கு இது பொருந்துமா என்று நண்பர் கேட்டார், கேட்டதும் நியாயந்தான். 1939 செப்டம்பரில் சர்ச்சில் மீண்டும் கடற்படை அமைச்சராக அலுவலகத்துக்குள் நுழையும் இடத்தில் படம் முடிந்துவிடுகிறது. போர் அப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அதுவரை நாம் பார்ப்பது கென்ட் பகுதியிலுள்ள சார்ட்வெல் வீட்டில் கடனோடும், எழுதி முடிக்க வேண்டிய மூதாதையர் வரலாற்றோடும், தூரிகையோடும், சுவர் கட்டும் கரண்டியோடும் பொழுதைக் கழிக்கும் அறுபது வயது மனிதரை. ஆல்பர்ட் ஃபின்னி அந்த வேடத்தில் வாழ்ந்திருக்கிறார் என்பது தேய்ந்துபோன பாராட்டு என்றாலும் இங்கே வேறு சொல் அகப்படவில்லை. ஓல்ட்மனின் சர்ச்சில் எப்போதும் வரலாறு தம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதை அறிந்தவர். ஃபின்னியின் சர்ச்சில் குளியலறையிலிருந்து ஆடையின்றி வெளியே வந்து உரையை உரக்கச் சொல்லிப் பார்க்கும்போது, யாரும் தம்மைப் பார்க்கவில்லையே என்று வருந்துபவராக இருக்கிறார். ஃபின்னிக்கும் படத்துக்கும் 2002-இல் எம்மி விருதுகள் கிடைத்தன. சர்ச்சிலின் மனைவி கிளமென்டைனாக வரும் வனெசா ரெட்கிரேவுக்கு, மற்ற மூன்று படங்களின் கிளமென்டைன்களுக்குக் கிடைக்காத ஒன்று கிடைத்திருக்கிறது: தனக்கென ஒரு வாழ்க்கை. 1934 இறுதியில் கணவரை விட்டுவிட்டு ஒரு பிரபுவின் படகில் கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கிளம்பிப் பல மாதம் கழித்துத் திரும்பிய அந்த உண்மையான பயணம் படத்தில் இடம்பெறுகிறது. கணவருக்கு ஊக்கம் தரும் இரண்டு வரி வசனத்தோடு மனைவியை முடித்துவிடும் வழக்கத்துக்கு இது நல்ல விதிவிலக்கு.

நான் இந்தப் படத்தின் பக்கம் சாய்வதற்கு முதன்மையான காரணம் வேறு. இதில் சர்ச்சில் முதலில் நமக்கு அறிமுகமாவது ஹிட்லரின் எதிரியாக அல்ல; இந்திய சுயாட்சியின் எதிரியாக. அவருடைய கட்சித் தலைமை அவரை ஒதுக்கி வைத்ததற்கும், அவர் பேச எழுந்தால் உறுப்பினர்கள் முகம் சுளித்ததற்கும் அதுவே பெரிய காரணம். 1935-இன் இந்திய அரசுச் சட்டத்தை மசோதாவாக இருந்த காலம் முழுவதும் அவர் விடாமல் எதிர்த்தார். அவருடைய மகன் ராண்டால்ஃப், இந்தியப் பிரச்சினையை முன்வைத்து வேவர்ட்ரீ இடைத்தேர்தலில் சொந்தக் கட்சி வேட்பாளருக்கு எதிராகவே நின்று, வாக்குகளைப் பிரித்து, தொழிற்கட்சிக்கு வெற்றியைத் தேடித் தந்தார். (ராண்டால்ஃபாக இந்தப் படத்தில் வருபவர், அப்போது அதிகம் அறியப்படாத இளைஞரான டாம் ஹிடில்ஸ்டன்.) சர்ச்சில் தடுக்க முயன்ற அந்தச் சட்டத்தின்படிதான் 1937-இல் மாகாணத் தேர்தல்கள் நடந்தன, சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 159-ஐக் காங்கிரஸ் வென்று, அந்த ஜூலையில் ராஜாஜி மாகாணப் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் போன்ற பதவி) பொறுப்பேற்றார். நண்பரின் மாணவர்கள் இந்தச் சட்டத்தை வேறொரு பாடத்தில், வேறொரு ஆசிரியரிடம், உலகப் போருக்குத் தொடர்பில்லாத ஒன்றாகப் படித்திருப்பார்கள். இரண்டும் ஒரே சபையில், ஒரே மனிதரின் வாயில் கலந்து ஒலித்தன என்பதைக் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

ஏனெனில் படத்தின் உள்ளோட்டமே அதுதான். இந்தியாவைப் பற்றி எந்தக் குரலில், எந்தப் பிடிவாதத்தில், எத்தகைய மிகைச் சொற்களில் அவர் பேசினாரோ, அதே குரலில்தான் ஜெர்மனி விமானப் படையைக் கட்டி எழுப்புவதைப் பற்றியும் எச்சரித்தார். முன்னதில் காது புளித்துப்போனவர்கள் பின்னதையும் கேட்கவில்லை. வெளியுறவுத் துறை அதிகாரி ரால்ஃப் விக்ரம் (பெயர் நம்மூர்ப் பெயர்போல ஒலித்தாலும் ஆங்கிலேயர்தான்) அரசின் இரகசியக் கணக்குகளைச் சர்ச்சிலிடம் கொண்டுவந்து சேர்க்கும் பகுதி படத்தின் இதயம். மனச்சாட்சிக்கும் பதவிப் பிரமாணத்துக்கும் இடையே நசுங்கும் அந்த மனிதரை லைனஸ் ரோச் அளவாக நடித்திருக்கிறார். விக்ரம் 1936-இன் கடைசி நாளில் 46 வயதில் இறந்துபோனார். தாம் சொன்னது பலித்ததைப் பார்க்க அவர் இல்லை. சர்ச்சில் சரியான எண்களோடு சபையில் பேச முடிந்ததற்குப் பின்னால் இவரைப்போன்ற சிலர் தம் வேலையைப் பணயம் வைத்தார்கள் என்பதை இப்படம் ஒளிக்கவில்லை. ‘டார்க்கஸ்ட் அவர்’ அட்லிக்குச் செய்த அநீதியை இது விக்ரமுக்குச் செய்யவில்லை.

குறைகளும் உண்டு. இந்தியாவைப் பற்றிய சர்ச்சிலின் பேச்சை ஒரு முதியவரின் விசித்திரப் பழக்கம்போல, சுவர் கட்டுவது, மீனுக்குத் தீனி போடுவது ஆகியவற்றின் வரிசையில் வைத்து மென்மையாக்கிவிடுகிறது. அந்தக் கருத்துகள் அதிகாரத்தில் அமர்ந்தபின் என்ன ஆயின என்ற இடத்துக்குப் படம் போவதேயில்லை. போக முடியாதபடி 1939-இல் முடித்துக்கொள்கிறது. உண்மையைச் சொன்னால் இந்த இடத்தில் நான்கு படங்களுமே ஒரே கட்சி. 1942-இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றது. ஜப்பானியர் கைக்குப் போகக் கூடாதென்று வங்காளக் கடலோரத்தில் அரிசியும் படகுகளும் அகற்றப்பட்டன. அந்த அக்டோபரில் மேதினிப்பூரைப் புயல் சூறையாடியது. விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 1943-இன் பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 15 லட்சம் என்று அரசு அமைத்த விசாரணைக் குழு 1945-இல் சொன்னது. பிற்கால ஆய்வாளர் பலர் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். தானியம் அனுப்பக் கப்பல் கேட்டு வைஸ்ராய் வேவலும், இந்தியத் துறை அமைச்சர் லியோ ஏமெரியும் லண்டனில் மன்றாட வேண்டியிருந்தது. இந்த ஏமெரி யார் தெரியுமா? கோரக்பூரில் பிறந்தவர், 1940 மே 7 அன்று காமன்ஸ் சபையில், கடவுளின் பெயரால் போய்விடு என்ற கிராம்வெல்லின் பழைய சொற்களைச் சேம்பர்லினை நோக்கி வீசி, சர்ச்சிலுக்கு வழி திறந்துவிட்டவர். அதே ஏமெரி 1944 ஆகஸ்டில், இந்தியாவைப் பற்றிய சர்ச்சிலின் பார்வைக்கும் ஹிட்லரின் பார்வைக்கும் பெரிய வேறுபாடு தமக்குத் தெரியவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஒரு திரைக்கதையாசிரியருக்கு இதைவிடப் பெரிய பரிசு இருக்க முடியாது. இதுவரை இந்த நான்கு படங்களில் எதுவும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே எந்தப் படத்தைப் போட்டாலும் பஞ்சத்தை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். அப்படியானால் கேள்வி, எந்தப் படம் அந்தப் பேச்சுக்கு வழிவிடுகிறது என்பதாக மாறுகிறது. ‘டார்க்கஸ்ட் அவர்’ முடியும்போது சர்ச்சில் கடற்கரைகளில் போரிடுவோம் என்று முழங்கிவிட்டுக் காகிதங்கள் பறக்க நடந்துவருகிறார், இசை உச்சத்தில் இருக்கிறது, மாணவர்கள் கைதட்டியிருப்பார்கள். அந்த நொடியில் விளக்கைப் போட்டு வங்காளத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் ஆசிரியர், விருந்தைக் கெடுக்க வந்தவராகவே தெரிவார். ‘த கேதரிங் ஸ்டார்ம்’ பார்த்தபின் அப்படி நேராது. தம் சொந்தக் கட்சியே நம்பாத, இந்தியாவைப் பற்றித் தவறாகவும் ஜெர்மனியைப் பற்றிச் சரியாகவும் ஒரே மூச்சில் பேசிய மனிதரை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். அடுத்த கேள்வியை அவர்களே கேட்பார்கள்.

நேரக் கணக்கும் இதற்கே சாதகம். ‘டார்க்கஸ்ட் அவர்’ 125 நிமிடம். அதற்குப் பிறகு இருபத்தைந்து நிமிடம்தான் எஞ்சும், அதிலும் திரையை இறக்கவும் மின்விசிறிகளைப் போடவும் ஐந்து நிமிடம் போய்விடும். ‘த கேதரிங் ஸ்டார்ம்’ ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். மொழிச் சிக்கலும் இருக்கிறது. நான்கு படங்களிலும் சர்ச்சில் முணுமுணுக்கிறார், விழுங்குகிறார், சுருட்டுக்கு நடுவே பேசுகிறார். ஓல்ட்மனிடம் இது மிக அதிகம். ஆங்கில எழுத்துகள் கீழே ஓடாமல் நம் மாணவர்களுக்கு எந்தப் படத்தையும் போடக்கூடாது. அப்படி ஓடும்போது வசனம் குறைவாகவும் முகங்கள் அதிகமாகவும் உள்ள படமே கண்ணுக்கு ஓய்வு தரும். அதிலும் ஃபின்னியின் படமே மேல்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, ஓல்ட்மனை விட்டுவிட மனமில்லாமல் நண்பர் தயங்கினார். எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. ஐந்து பேர் ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு நாட்டின் தலைவிதியைப் பேசும் அந்தக் காட்சிகளுக்கு இணையானது மற்ற மூன்று படங்களிலும் இல்லை. ஆகவே எஞ்சும் ஐம்பது நிமிடத்தில் ஒரு பத்து நிமிடத்தை அதற்குத் தரச் சொன்னேன். புலியின் வாய்க்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு அதனோடு பேரம் பேச முடியாது என்று சர்ச்சில் ஹாலிஃபாக்ஸைப் பார்த்துக் கத்தும் அமைச்சரவைக் காட்சியை மட்டும் போட்டு, அவர் காரிலிருந்து இறங்கி ரயில் நிலையத்துக்குள் போகுமுன் நிறுத்திவிட வேண்டும். பிறகு டால்டன் குறித்துவைத்த மே 28 மாலைப் பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டு, குரல் நன்றாக இருக்கும் மாணவி ஒருவரை எழுந்து வாசிக்கச் சொல்லலாம். ஹாலிஃபாக்ஸின் பழைய பெயர் இர்வின் என்பதை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.